சனிக்கிழமை ஹீரோ, ஞாயிற்றுக்கிழமை ஜீரோ

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் நட்சத்திரங்கள் தொழில்முறை ஆட்டத்தில் ஏன் தடுமாறுகிறார்கள்?

டிம்மி சாங் என்ற பெயரை ஹவாய் தீவுகளுக்கு வெளியே இன்று அதிகம் பேர் சொல்வதில்லை. 2000 முதல் 2004 வரை ஹவாய் பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக்காக இருந்தவர். அவர் வீசிய பந்துகள் அணிக்குச் சேர்த்துக் கொடுத்த தூரம் மொத்தம் 17,072 கெஜம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அதுவரை யாரும் எட்டாத எண் அது. அந்தச் சாதனையோடு அவர் வெளியே வந்தபோது, தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் 32 அணிகளில் ஒன்றுகூட, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’டில் 2005இல் அவர் பெயரை உச்சரிக்கவில்லை. சில அணிகளின் பயிற்சி முகாம்கள் வரை போய்வந்தார். லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. இப்போது அதே ஹவாய் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருக்கிறார்.

சாங்கை யாரும் நம்பவில்லை, அதனால் யாருக்கும் நஷ்டமுமில்லை. நம்பி எடுத்து மோசம்போன கதைகள்தான் அமெரிக்காவில் ஆண்டுதோறும் பேசப்படுகின்றன. 1998 டிராஃப்ட்டுக்கு முன் நாடு முழுக்க ஒரே பட்டிமன்றம்: டென்னசி பல்கலைக்கழகத்தின் பெய்டன் மேனிங்கா, வாஷிங்டன் ஸ்டேட்டின் ரயன் லீஃபா? முதல் வாய்ப்பு பெற்ற இண்டியானாபொலிஸ் மேனிங்கை எடுத்தது. இரண்டாம் இடத்துக்காகவே பேரம் பேசி முன்னேறியிருந்த சான்டியாகோ, லீஃபை எடுத்துக் கையெழுத்துப் போனஸாக மட்டும் 1.125 கோடி டாலர் கொடுத்தது. முதல் இரண்டு ஆட்டங்களிலும் வெற்றி. மூன்றாவது ஆட்டம் கன்சாஸ் சிட்டியில். லீஃப் 15 முறை வீசினார். ஒன்றே ஒன்றுதான் சக வீரர் கைக்குப் போனது. கிடைத்த தூரம் 4 கெஜம். அதன் பிறகு அவர் எழவே இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தந்த டச்டவுன் பாஸ் 14, எதிரணி பறித்தவை 36 என்ற கணக்கோடு 2002இல் ஓய்வு பெற்றார். மேனிங் ஐந்து முறை லீகின் சிறந்த வீரர் விருதும் லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் இரண்டு கோப்பையும் வாங்கி 2016இல் விடைபெற்றார்.

அன்று இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசியவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். ஆட்டத்தைப் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பியது எது?

ஒரே பந்து, வேறு மைதானம்

ஆட்டம் புதிதானவர்களுக்கு இரண்டு வரி. பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து கைமாறும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேரும் இடம் குவார்ட்டர்பேக்கின் கை. ஓடுகிறவருக்குக் கொடுப்பதா, தூரத்தில் ஓடும் ரிசீவருக்கு வீசுவதா, தானே ஓடுவதா என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும், அதுவும் 130 கிலோ ஆட்கள் அவரைத் தரையில் சாய்க்க ஓடிவரும்போது. கிரிக்கெட்டில் எல்லா ஓவரையும் கேப்டனே வீச வேண்டும், பந்துக்குப் பந்து ஃபீல்டிங்கையும் அவரே மாற்ற வேண்டும் என்று விதி இருந்தால் அந்தக் கேப்டனுக்கு எவ்வளவு சுமையோ, அவ்வளவு சுமை இவருக்கு.

கல்லூரி ஆட்டம் சனிக்கிழமை, என்.எஃப்.எல். ஞாயிற்றுக்கிழமை. பந்து, மைதான அளவு, இலக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் புல்லில் வெள்ளைச் சுண்ணாம்பில் போட்ட சிறு கோடுகளைப் பாருங்கள். ஹாஷ் மார்க் என்பார்கள். முந்தைய முயற்சி மைதானத்தின் ஓரத்தில் முடிந்தால், பந்தை உள்ளே கொண்டுவந்து அந்தக் கோட்டில் வைத்துத்தான் அடுத்த முயற்சி தொடங்கும். மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரி மைதானத்தில் இரண்டு ஹாஷ் வரிசைகளுக்கும் நடுவே 40 அடி. என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம்தான்.

இந்த இருபதடி வித்தியாசத்தில் ஒரு முழு ஆட்டமுறையே அடங்கியிருக்கிறது. கல்லூரியில் பந்து இடது ஹாஷில் இருந்தால் வலப்பக்கம் 100 அடி வெட்டவெளி. மூன்று ரிசீவர்களை அங்கே அனுப்பிவிட்டால், காவல் காக்கும் அணி மெல்லிய மாவாக இழுபட்டுப் போகும். எங்கே யார் நிற்கிறார், என்ன செய்யப்போகிறார் என்பது ஒளிக்க முடியாமல் தெரிந்துவிடும். தனியாக நிற்கும் ஆளைப் பார்த்து வீசினால் போதும். என்.எஃப்.எல்.லில் பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவில். இரு பக்கமும் சமம். காவல் அணி தன் திட்டத்தைக் கடைசி நொடி வரை மறைத்துவைக்க முடியும். ஆள் தனியாகும்வரை காத்திருந்தால் கதை முடிந்தது. அவர் தனியாகப்போகும் இடத்துக்கு, அவர் திரும்பிப் பார்க்கும் முன்பே பந்து கிளம்பியிருக்க வேண்டும்.

எதிரே நிற்பவர்களும் மாறிவிடுகிறார்கள். கல்லூரியில் எதிரணிப் பதினொருவரில் தொழில்முறைக்குப் போகும் தகுதி ஒருவருக்கோ இருவருக்கோ இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பதினொருவரும் அப்படிப்பட்டவர்களே.

நாற்பது விநாடி

ஒரு முயற்சி முடிந்ததும் 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். என்.எஃப்.எல். குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் சின்ன ஸ்பீக்கர் உண்டு. 1994இல் வந்த ஏற்பாடு. பயிற்சியாளர் அதில் அடுத்த திட்டத்தைச் சொல்வார். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்தக் குரல் துண்டிக்கப்பட்டுவிடும். காதில் விழுவது சங்கேதச் சொற்களின் நீண்ட தொடர்: யார் எந்தப் பக்கம் நிற்பது, மறிப்பவர்கள் எந்தத் திசையில் நகர்வது, எந்த ரிசீவர் எந்தத் தடத்தில் ஓடுவது, எதிரணி வேறு மாதிரி நின்றால் மாற்றுத் திட்டம் எது. ஜான் க்ரூடன் என்ற பயிற்சியாளர் பிரபலமாக்கிய ‘ஸ்பைடர் டூ ஒய் பனானா’ இந்த இனத்தில் மிகச் சிறியது.

கேட்டதை ஒரு சொல் பிசகாமல் மற்ற பத்துப் பேருக்கும் திருப்பிச் சொல்லிவிட்டுக் கோட்டுக்கு வர வேண்டும். பின்வரிசையில் ஆழமாக நிற்பது ஒருவரா, இருவரா? ஒரு ரிசீவரைக் குறுக்கே நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். அவரோடு எதிரணி ஆள் ஒருவரும் ஓடிவந்தால் ஆளுக்கு ஆள் காவல். யாரும் அசையாவிட்டால் ஆளுக்கொரு பகுதி. பிறகு எதிரே நிற்கும் லைன்பேக்கர்களில் (நடுவரிசைக் காவலர்களில்) ஒருவரை விரல் நீட்டி ‘மைக்’ என்று கத்த வேண்டும். தன் முன்னால் நிற்கும் ஐந்து மறிப்பாளர்களும் அந்த விரலை வைத்துத்தான் யாரை யார் தடுப்பது என்று கணக்குப் போடுவார்கள். விரல் தவறினால் ஒரு ஆள் தடுப்பாரில்லாமல் வந்து நெஞ்சில் மோதுவார். இவ்வளவுக்கும் பிறகு பந்து கைக்கு வரும். கையில் வந்ததும் இரண்டரை, மூன்று விநாடி. அதற்குள் எதிரணி, இதுவரை நின்றதெல்லாம் நாடகம் என்று காட்டி வேறு வடிவத்துக்கு மாறியிருக்கும்.

கல்லூரியில் இதில் பெரும்பகுதியைப் பயிற்சியாளர்களே செய்துகொடுத்துவிடுகிறார்கள். அணி கோட்டில் வந்து நிற்கும், எதிரணியும் நிற்கும், உடனே எல்லாத் தலைகளும் மைதான ஓரத்துக்குத் திரும்பும். அங்கே படம் ஒட்டிய அட்டைகள், கைச்சைகைகள். மேலே இருந்து எதிரணியைப் படித்துவிட்டுப் பயிற்சியாளர் திட்டத்தை மாற்றுவார், பையன் நிறைவேற்றுவான். ஹெல்மெட் ஸ்பீக்கரே உயர்மட்டக் கல்லூரி ஆட்டத்துக்கு 2024இல்தான் வந்தது. 2011இல் க்ரூடன் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அந்த ஆண்டின் முதல் தேர்வாகப் போகவிருந்த ஆபர்ன் நட்சத்திரம் கேம் நியூட்டனிடம், உங்கள் அணியின் திட்டம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார். ஓரத்தைப் பார்ப்போம், அட்டையில் 36 என்று இருக்கும், அதுதான் திட்டம் என்ற பொருளில் பதில் வந்தது. பலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் கேலி செய்ய ஒன்றும் தெரியவில்லை. கொடுத்த வேலையைச் செய்து தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிய பையன் அவன்.

கல்லூரிப் பயிற்சியாளர் செய்வதிலும் தப்பில்லை. அவருக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் பயிற்சி என்ற விதி உண்டு. வீரர்கள் மூன்று, நான்கு ஆண்டுகளில் போய்விடுவார்கள். வரும் சனிக்கிழமை தோற்றால் வேலை போகும். என்.எஃப்.எல்.லுக்கு ஆள் தயாரிப்பதற்காக யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

டெக்ஸஸ் டெக் தொழிற்சாலை

எளிமையின் உச்சம் ‘ஏர் ரெய்டு’. ஹால் மம்மி, மைக் லீச் என்ற இருவர் அயோவாவின் ஒரு சிறிய கல்லூரியில் உருவாக்கிய முறை. திட்டங்கள் கொஞ்சம்தான், அவற்றையே திரும்பத் திரும்பப் பழகி, பந்தை ஓயாமல் வீசிக்கொண்டே இருப்பது. 2000இல் லீச் டெக்ஸஸ் டெக் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அதன்பின் அங்கே யாரை நிறுத்தினாலும் எண்கள் கொட்டின. பி.ஜே. சைமன்ஸ் 2003இல் ஒரே பருவத்தில் 5,833 கெஜம் வீசினார். என்.எஃப்.எல். அவரை ஏழாம் சுற்றில் எடுத்தது. லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. கிளிஃப் கிங்ஸ்பரி, கிரஹம் ஹாரெல் என்று வரிசையாக வந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே கதி. ‘சிஸ்டம் குவார்ட்டர்பேக்’ என்று ஒரு பட்டம் பிறந்தது. எண்கள் முறையுடையவை, ஆளுடையவை அல்ல என்று அர்த்தம்.

எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் 2008 டிசம்பரில் ‘நியூயார்க்கர்’ இதழில் இதைத்தான் ‘குவார்ட்டர்பேக் பிரச்சினை’ என்றார். வேலையில் அமர்த்திப் பார்க்கும்வரை யார் தேறுவார் என்று சொல்ல முடியாத தொழில்கள் உண்டு, பள்ளி ஆசிரியர் வேலையும் அப்படித்தான் என்பது அவர் வாதம். அவர் உதாரணம் காட்டியது மிசௌரி பல்கலைக்கழகத்தின் சேஸ் டேனியல். டிராஃப்ட்டில் டேனியலை யாரும் எடுக்கவில்லை. ஆனால் மாற்று ஆட்டக்காரராகவே பத்து ஆண்டுகளுக்கு மேல் லீகில் இருந்து, ஐந்தே ஐந்து ஆட்டங்களைத் தொடங்கி, சுமார் 4 கோடி டாலர் சம்பாதித்தார். தோல்வி என்றால் இப்படி வரட்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது! கிளாட்வெல்லின் வாதத்தை உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் மறுத்தார். முன்னதாக எடுக்கப்படுகிறவர்கள் மொத்தத்தில் பின்னால் எடுக்கப்படுகிறவர்களைவிடச் சிறப்பாகவே ஆடுகிறார்கள் என்றார். அதுவும் சரிதான். ஆனால் 2000இல் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி ஏழு சூப்பர் பௌல் வென்றதையும், 2022இல் கடைசி ஆளாக, 262ஆவதாக எடுக்கப்பட்ட ப்ராக் பர்டி இரண்டாவது ஆண்டிலேயே சூப்பர் பௌல் ஆடியதையும் மறுக்க முடியாது.

என் கருத்தில் கிளாட்வெல், பிங்கர் இருவரும் பாதியைத்தான் பார்த்தார்கள். யாரை எடுப்பது என்பதைப் பேசினார்கள். எடுத்தபின் என்ன செய்கிறார்கள் என்பது மறுபாதி.

கடைசி அணிக்கு முதல் பந்தி

டிராஃப்ட்டின் அடிப்படை விதி, முந்தைய பருவத்தில் எல்லோரையும்விட மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. லீகில் சமநிலை வேண்டும் என்ற நல்லெண்ணம். விளைவு? நாட்டிலேயே சிறந்த இளம் குவார்ட்டர்பேக் போய்ச் சேருவது மறிக்க ஆளில்லாத, பிடிக்க ஆளில்லாத, நிர்வாகம் குழம்பிய அணிக்கு. 2002இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட டேவிட் கார், அந்த ஆண்டுதான் பிறந்த ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணிக்குப் போனார். முதல் பருவத்தில் 76 முறை தரையில் சாய்க்கப்பட்டார். அது இன்றும் லீக் சாதனை. அவ்வளவு அடி வாங்கிய பிறகு நிமிர்ந்து நின்று எந்த ரிசீவரைப் பார்ப்பார்?

இந்த விஷயத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொடுப்பது அலெக்ஸ் ஸ்மித்தின் வாழ்க்கை. 2004இல் யூட்டா பல்கலைக்கழகத்துக்குத் தோல்வியே இல்லாத பருவம் பெற்றுத் தந்தவர். 2005இல் சான்ஃபிரான்சிஸ்கோ அவரை முதல் ஆளாக எடுத்து, அந்த ஆண்டே களத்தில் இறக்கியது. 1 டச்டவுன் பாஸ், பறிகொடுத்தவை 11. திட்டம் வகுக்கும் தாக்குதல் பயிற்சியாளரோ ஆண்டுக்கு ஒருவராக மாறிக்கொண்டே இருந்தார்: மெக்கார்த்தி, டர்னர், ஹாஸ்ட்லர், மார்ட்ஸ், ரே, ஜான்சன், ரோமன் என்று ஏழு பருவத்தில் ஏழு பேர். ஒவ்வொருவரும் வரும்போது முன்பு சொன்ன சங்கேத மொழியை மறந்துவிட்டுப் புதிதாகப் படிக்க வேண்டும். நடுவில் தோள்பட்டைக் காயம் வேறு. சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு விரட்டினார்கள்.

அதே டிராஃப்ட்டில் 24ஆவது ஆளாக, கூடத்தில் கடைசிவரை காத்திருந்து சங்கடப்பட்ட ஏரன் ராஜர்ஸ், கிரீன் பேக்குப் போனார். அங்கே பிரெட் ஃபார்வ் இருந்ததால் மூன்று ஆண்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகு நான்கு முறை லீகின் சிறந்த வீரர். இருவரும் இடம் மாறியிருந்தால்? இதற்கு யாரிடமும் விடையில்லை என்றாலும், ஸ்மித்தின் கதை ஒரு குறிப்பைத் தருகிறது. 2011இல் ஜிம் ஹார்பா தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அணி 13 வெற்றி, 3 தோல்வி. நியூ ஆர்லியன்ஸுக்கு எதிரான பிளேஆஃப் (நாக்அவுட்) ஆட்டத்தில் 9 விநாடி மிச்சம் இருக்கும்போது வெர்னன் டேவிஸுக்கு வெற்றிப் பந்தை வீசியவர், ஆறு ஆண்டாக ‘தேறாத கேஸ்’ என்று எழுதப்பட்ட அதே ஸ்மித். 2013இல் கன்சாஸ் சிட்டிக்குப் போய்ப் பயிற்சியாளர் ஆண்டி ரீடிடம் சேர்ந்தார். அங்கே ஐந்து பருவம் ஒரே குரல், ஒரே மொழி.

2017இல் ரீட், டெக்ஸஸ் டெக் பையன் ஒருவனை 10ஆவது ஆளாக எடுத்தார். ‘சிஸ்டம்’ பட்டம் அவனுக்கும் தயாராக இருந்தது. கல்லூரியின் கடைசிப் பருவத்தில் அவன் அணி 5 வெற்றி, 7 தோல்வி. ஓக்லஹோமாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 734 கெஜம் வீசியும் தோற்றது. பேட்ரிக் மஹோம்ஸ் என்ற அந்தப் பையனை ரீட் ஓராண்டு முழுக்க ஸ்மித்தின் பக்கத்தில் உட்காரவைத்தார். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் மட்டும் இறக்கினார். தன் இடத்தைப் பறிக்க வந்தவனுக்கு ஸ்மித் ஒளிக்காமல் கற்றுக்கொடுத்தார் என்பதை மஹோம்ஸே பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு 50 டச்டவுன் பாஸ், 5,097 கெஜம், சிறந்த வீரர் விருது. அதே 2017இல் எட்டு இடம் முன்னதாக, இரண்டாவது ஆளாக சிகாகோ எடுத்த மிட்செல் ட்ரபிஸ்கி, கல்லூரியில் தொடங்கியது 13 ஆட்டங்கள்தான். ஐந்தாவது வாரமே களத்தில் இறக்கிவிட்டார்கள்.

காத்திருக்க யாருக்கும் நேரமில்லை

காத்திருப்பு பலன் தரும் என்று எல்லா அணிகளுக்கும் தெரியும். பணம்தான் விடுவதில்லை. 2010இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறாண்டு ஒப்பந்தம், 7.8 கோடி டாலர். 2011இல் வந்த புதிய தொழிலாளர் ஒப்பந்தம் புதியவர்கள் சம்பளத்துக்கு உச்சவரம்பு போட்டது. நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடிதான். பையன் மலிவாகக் கிடைக்கும் அந்த நான்கைந்து ஆண்டுக்குள் மிச்சப் பணத்தில் நல்ல அணியைக் கட்டிக் கோப்பையைப் பிடித்துவிட வேண்டும் என்பது இப்போதைய கணக்கு. உட்காரவைத்தால் ஒரு மலிவான ஆண்டு வீண். அதே 2011 ஒப்பந்தம், வீரர்களின் உடல்நலம் கருதி, பயிற்சி நாள்களையும் குறைத்தது. இளையவர்கள் பழகிக்கொள்ள இருந்த ‘என்.எஃப்.எல். யூரோப்’ லீக் 2007லேயே மூடப்பட்டுவிட்டது. பல்பொருள் அங்காடியில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்த கர்ட் வார்னர், ஆம்ஸ்டர்டாமில் அந்த லீகில் ஆடித்தான் சூப்பர் பௌலுக்கு வழி கண்டார். இன்றைய வார்னருக்கு அந்தப் படிக்கட்டு இல்லை.

பையன்கள் தரப்பில் குற்றமே இல்லையா? இருக்கிறது. 2007இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜமார்கஸ் ரஸல், சம்பளப் பேரம் முடியாமல் பயிற்சி முகாம் முழுவதையும் தவறவிட்டார். 25 ஆட்டம் தொடங்கி 7 வென்று, மூன்றாண்டில் வெளியே அனுப்பப்பட்டார். உழைப்பு போதாது என்ற புகார் கடைசிவரை அவரை விடவில்லை. லீஃபும் தன் நடத்தையைப் பற்றிப் பின்னாளில் வெளிப்படையாகவே பேசினார். ஆனால் இவர்களைக் காட்டி எல்லோரையும் ஒரே கூடையில் போடுவது எளிதான பதில். 2018இல் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டு நியூயார்க் ஜெட்ஸில் சீரழிந்த சாம் டார்னால்ட், நான்காவது அணியான மினசோட்டாவில் 2024இல் 14 ஆட்டம் வென்றார். அதே 2018 டிராஃப்ட்டில் முதல் ஆளான பேக்கர் மேஃபீல்ட், கிளீவ்லண்டில் கைவிடப்பட்டு டாம்பாவில் நிமிர்ந்தார். அவர்களுடைய கைவலிமை நடுவில் கூடவில்லை.

கல்லூரிக்கும் தொழில்முறைக்கும் நடுவிலான இடைவெளி சுருங்கியும் வருகிறது. நியூட்டனுக்காகக் கரோலினா தன் திட்டப் புத்தகத்தில் கல்லூரி உத்திகளைச் சேர்த்தது. முதல் ஆண்டிலேயே 4,000 கெஜத்துக்கு மேல் வீசினார், 2015இல் சிறந்த வீரர் ஆனார். பாதி வழியை அணி நடந்துவந்தது, மீதியை அவர் நடந்தார். கல்லூரி வீரர்கள் இப்போது சட்டப்படி பணம் சம்பாதிக்கலாம், கல்லூரி மாறலாம் என்பதால் கூடுதல் காலம் தங்கி முதிர்ந்தே வருகிறார்கள். 2024இல் வந்த ஜேடன் டேனியல்ஸ் கல்லூரியில் 55 ஆட்டமும், போ நிக்ஸ் 61 ஆட்டமும் தொடங்கியவர்கள். இருவரும் முதல் ஆண்டிலேயே தங்கள் அணிகளைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார்கள்.

இருந்தும், பையன் தடுமாறினால் அமெரிக்க ஊடகங்களில் ‘பஸ்ட்’ என்ற முத்திரை 22 வயதுக்காரர் நெற்றியில்தான் குத்தப்படுகிறது. அணிக்கு அப்படி ஒரு முத்திரை இல்லை. 2016 முதல் 2025 வரை பத்து டிராஃப்ட்டில் எட்டு முறை முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் குவார்ட்டர்பேக். அந்த எட்டில் ஆறு பேருக்கு முதல் பருவம் முடிவதற்குள்ளேயே தலைமைப் பயிற்சியாளர் வேலை இழந்தார்: ஜாரெட் காஃபுக்கு ஜெஃப் ஃபிஷர், மேஃபீல்டுக்கு ஹியூ ஜாக்சன், டிரெவர் லாரன்ஸுக்கு அர்பன் மேயர், பிரைஸ் யங்குக்கு ஃபிராங்க் ரைக், கேலப் வில்லியம்ஸுக்கு மேட் எபர்ஃப்ளஸ். ஆறாவது கேம் வார்டு. டென்னசி டைட்டன்ஸ் அவரை எடுத்தது 2025 ஏப்ரலில். அவருடைய பயிற்சியாளர் பிரையன் கலஹனை நீக்கியது அதே அக்டோபரில், ஆறே ஆட்டங்கள் முடிந்த நிலையில்.